சட்டி உள்ளே ஏன் கருப்பு? கொங்கு நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

நான் 31 வருஷம் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். சென்னிமலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். இந்த மடல் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

1998. எரிவதற்குக் காற்று வேண்டும் என்ற பாடம். மேசைமேல் மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். சுடர் சுருங்கி அணைந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். அவனுடைய அப்பாரு சட்டிபானை செய்கிறவர். “ஏனுங் டீச்சர், எங்க அப்பாரு சூளையில காத்து போனா சட்டி செவக்குமுங். கவுத்து வெச்சு அடைச்சுட்டா உள்ள கருப்பாயிருமுங். அதும் இதும் ஒண்ணுங்களா?” என்று கேட்டான்.

“சட்டி கதையெல்லாம் அப்புறம், பாடத்தைக் கவனி” என்றேன். அந்தப் பருவத் தேர்வில் அவன் அதையே விடையாக எழுதியிருந்தான். நாலு வரி. எழுத்துப் பிழை இருந்தது, ஆனால் எல்லாம் அவனுடைய சொந்த வரி. நான் சிவப்பு மையில் கோடு இழுத்து, பக்கத்தில் ‘ஆக்சிஜன்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் கொடுமணலுக்குப் போனேன். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிற சின்ன ஊர். அத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நான் போய்ப் பார்த்ததில்லை. அங்கே ஆய்வு மாணவி ஒருவர் ஓர் ஓட்டாஞ்சில்லைக் கையில் வைத்துக் காட்டினார். வெளிப்புறம் சிவப்பு, உட்புறம் கருப்பு. “கவிழ்த்து வைத்துச் சுட்டிருக்கிறார்கள் அம்மா. வெளியே காற்றுப் பட்டதால் மண்ணில் இருக்கிற இரும்பு சிவந்துவிட்டது. உள்ளே காற்று இல்லாததால் புகைக்கரி ஏறிக் கருத்துவிட்டது” என்றார். 2,000 வருஷத்துக்கு மேற்பட்ட சட்டி அது. நான் அடித்துப் போட்ட அந்த நாலு வரி என் கண் முன்னால் வந்து நின்றது. அந்தப் பையன் அறிவியல் எழுதியிருக்கிறான், வரலாறும் எழுதியிருக்கிறான், அதைத் தன் சொந்தத் தமிழில் எழுதியிருக்கிறான். நான் மூன்றுக்கும் சேர்த்துச் சுழியம் போட்டேன்.

நான் கேட்பது இதுதான். நான்காம், ஐந்தாம் வகுப்பில் வருஷத்துக்கு ஒரு முறையாவது, மூன்று வாரத்துக்கு, அறிவியல், சமூக அறிவியல், தமிழ் என்ற மூன்று பாடவேளைகளையும் சேர்த்து விடுங்கள். நம் காலடியில் கிடக்கும் பொருள்களைப் பிள்ளைகள் பார்க்கட்டும், சோதிக்கட்டும், கேட்டதையும் கண்டதையும் தங்கள் வாக்கியத்தில் எழுதட்டும். அதற்குக் கொங்கு நாட்டைவிட வாய்ப்பான இடம் எனக்குத் தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் சிந்துவெளி வரட்டும், எகிப்து வரட்டும், கீழடி வரட்டும். அந்த ஊர்களையெல்லாம் படத்தில் பார்க்கிற நம் பிள்ளை, நொய்யல் கரை வழியாகத் தினமும் பள்ளிக்கு வருகிறது.

கொடுமணலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று குறிப்பிடும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர் முடிவு. அங்கே செய்த அருங்கலங்களை அந்தப் பாட்டு புகழ்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பிறகு பல கட்டமாகத் தோண்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலை, எஃகு செய்த தடயம், கல்மணி செய்த பட்டறை, நூல் நூற்ற தக்களி வட்டு, பெருங்கற்காலத்து ஈமக்குழிகள், எழுத்துக் கீறிய ஓடுகள் என்று எல்லாம் கிடைத்தன. எழுத்துள்ள ஓடுகள் மட்டும் நூற்றுக்கணக்கில். ஊர் வாழ்ந்த காலம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு வரைக்கும் போகிறது என்கிறார்கள்.

இதையெல்லாம் ஒன்பது வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தால் நான் செய்த அதே பாவம்தான். வேறு வழி இருக்கிறது.

மணியிலிருந்து தொடங்குங்கள். நம் காட்டில் வெங்கச்சாங்கல், அதாவது படிகக்கல், கிடக்கும். வெள்ளையாக, ஏர் உழுதால் மேலே வரும் கல். இருட்டில் இரண்டை எடுத்து உரசினால் கல்லுக்குள் மின்மினி மாதிரி வெளிச்சம் வரும், ஒரு கருகல் வாசமும் வரும். நம் வயசில் உரசாதவர்கள் யார்? வகுப்பறை ஜன்னலைச் சாத்திவிட்டு உரசச் சொல்லுங்கள் (சில்லு தெறிக்கும், முகத்துக்குக் கிட்டே வேண்டாம்). பிறகு அந்தக் கல்லால் ஒரு பழைய கண்ணாடித் துண்டைக் கீறிக் காட்டுங்கள். கல் கண்ணாடியைக் கீறும், கண்ணாடி கல்லைக் கீறாது. கடினத்தன்மை என்ற பாடம் அங்கேயே முடிந்தது. அதற்கப்புறம் ஒரே ஒரு கேள்வி: “இத்தனை கெட்டியான கல்லில் நூல் கோக்கிற அளவுக்கு ஓட்டை எப்படிப் போட்டிருப்பார்கள்?” பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். ஒரு பிள்ளை ஆணி என்பான், இன்னொருவள் பல் டாக்டர் வைத்திருக்கிற மிஷின் என்பாள். கல்லைத் துளைக்க அதைவிடக் கெட்டியான கல்லோ அதன் பொடியோ வேண்டும் என்ற இடத்துக்கு அவர்களே வருவார்கள். கொடுமணலில் கிடைத்தது முழு மணி மட்டுமில்லை. உடைத்த கல், பாதி தேய்த்த கல், துளை போடும்போது உடைந்த மணி என்று ஒவ்வொரு கட்டமும் கிடைத்திருக்கிறது. வேலை தெரிந்த கை ஒன்று நடுவில் எழுந்து போன மாதிரி இருக்கிறது அந்தப் பட்டறை.

அந்தப் படிகக் கல்லும், காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைத்த பச்சைக் கல்லும் இந்த மண்ணுக்குச் சொந்தம். சூதுபவளம் அப்படியில்லை. சிவப்பு நிறத்து மணி அது. அதன் மூலக்கல் குஜராத் பக்கமிருந்து வந்திருக்கும் என்கிறார்கள். ஒரே ஈமக்குழியில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நம் செம்மண், ஆணியின் துரு, சூளையில் சிவந்த சட்டி, சூதுபவள மணி, நான்கிலும் இருப்பது இரும்புதான். சூதுபவளத்தைச் சூடு காட்டினால் சிவப்பு இன்னும் ஏறும், மணி செய்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. ஒரு காந்தத்தை நூலில் கட்டி ஆற்று மணலில் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பாய் மயிர் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. கொடுமணல் உலைக்கான தாது சென்னிமலைப் பக்கமிருந்து போயிருக்கும் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். தினமும் பார்க்கிற மலை.

எழுத்துக்கு வருகிறேன். என் மனசு அதிகம் கிடப்பது இங்கேதான்.

கொடுமணல் ஓடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஆள் பேர்கள். ஆதன், சம்பன் என்பது மாதிரி. சட்டியைச் சுட்ட பிறகு கூர்மையான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் “ஏன் பேர் எழுதினார்கள்?” என்று கேட்டால் ஒரு நிமிஷம்கூட ஆகாது. சீர் வரிசைக்கு எவர்சில்வர் குடம் வாங்கினால் பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருகிறார்களே, அதே காரியம். வீட்டில் இருக்கிற பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்த்து, எந்தெந்தப் பேர் இருக்கிறது, யார் கொடுத்தது, எந்த வருஷம் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அம்மிச்சி பேர் ஒன்றில் இருக்கும், செத்துப்போன பெரியப்பன் பேர் ஒன்றில் இருக்கும். பிள்ளை எழுதுகிற முதல் வரலாறு அதுவாக இருக்கட்டும்.

பிறகு தமிழி எழுத்தை, அதாவது அந்த ஓடுகளில் இருக்கிற பழந்தமிழ் எழுத்தை, கரும்பலகையில் போடுங்கள். ‘க’ கூட்டல் குறி மாதிரி இருக்கும் என்று சொன்ன மாத்திரத்தில் தங்கள் பேரில் ‘க’ இருக்கிறதா என்று தேட ஆரம்பிப்பார்கள். இன்னொன்றும் செய்யலாம். பழைய கல்வெட்டுகள் பலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ‘கல’ என்று இருந்தால் அது ‘கல’வா ‘கல்’லா என்று படிக்கிறவர்தான் இடம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பிள்ளைகள் ஒரு வாக்கியத்தைப் புள்ளியே வைக்காமல் எழுதிப் பக்கத்துப் பிள்ளையிடம் படிக்கக் கொடுக்கட்டும். ‘பல’ பல்லா பலவா என்று அடித்துக்கொள்வார்கள். முதல் வகுப்பிலிருந்து “புள்ளி வை, புள்ளி வை” என்று நாம் கத்துவதன் காரணம் அந்தப் பத்து நிமிஷத்தில் புரியும்.

அறச்சலூருக்குக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் கட்டாயம் போங்கள். ஈரோடு–காங்கேயம் சாலையில் இருக்கிறது. அங்கே நாகமலையில் ஒரு கல்வெட்டு. ‘த தை தா தை த’ என்று தொடங்குகிறது. வரிக்கு ஐந்து எழுத்து, மொத்தம் ஐந்து வரி. இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ, மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ, எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே வரும். தாளத்துக்கான சொற்கட்டு. கி.பி. நான்காம் நூற்றாண்டு வாக்கில் வெட்டியது. முதல் வரியை மட்டும் எழுதிப் போட்டு, இரண்டாவது வரியை ‘தை தா’ என்று ஆரம்பித்துக் கொடுத்து, “மீதியை நீங்களே கட்டுங்கள்” என்றால் கணக்குப் பாடமும் வந்து சேர்ந்துகொள்ளும். கையைத் தட்டிப் பாடவும் செய்யலாம். பக்கத்திலேயே எழுதியவரின் பேரும் இருக்கிறது: ‘எழுத்துப் புணருத்தான்’ என்று சொல்லி, வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று. வண்ணக்கன் என்றால் காசையும் மணியையும் சோதித்துத் தரம் சொல்கிறவர். இந்த எழுத்துகளைச் சேர்த்துக் கட்டியது நான்தான் என்று ஒரு தரம் பார்ப்பவர் 1,600 வருஷத்துக்கு முன்னால் மலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தன் கட்டுரைக்குக் கீழே தன் பேரை எழுதும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

கரூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் புகழூர் மலை இருக்கிறது. அங்கே உள்ள தமிழிக் கல்வெட்டு ஒரு சேர மன்னனையும் அவன் மகனையும் பேரனையும் வரிசையாகச் சொல்கிறது. ‘அறுத்த கல்’ என்று முடியும். ‘மகன்’, ‘கல்’ இரண்டும் இன்றைக்கு நாம் பேசும் அதே சொல். இதைப் படித்துக் காட்டும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

2,500 வருஷம் என்றால் எத்தனை என்று பிள்ளைக்குப் பிடிபடாது. எனக்கே சரியாகப் பிடிபடாது. நான் யோசித்த ஒரு வழி: ஒரு தலைமுறைக்கு 25 வருஷம் என்று வைத்தால் 100 பேர். பள்ளிப் பிள்ளைகளையும், ஆள் பத்தாவிட்டால் பெற்றோரையும் மைதானத்தில் கைகோத்து வரிசையாக நிற்க வையுங்கள். முதல் ஆள் நீ, அடுத்தது உன் அம்மா, அதற்கடுத்தது அம்மிச்சி. ஐந்தாவது ஆளுக்குமேல் யாருக்கும் பேர் தெரியாது. வரிசையின் கடைசியில் நிற்பவர் கையில் ஒரு சட்டியைக் கொடுங்கள். காலம் என்பதை அதைவிட நன்றாக என்னால் சொல்லித்தர முடிந்ததில்லை.

இந்தப் பாடத்தில் இன்னொரு கூட்டத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பெருந்துறையிலும் திருப்பூரிலும் பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். வரலாறு பாடம் வந்தால் இது தங்களைப் பற்றியதில்லை என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கொடுமணல் ஓடுகளில் பிராகிருதச் சாயலுள்ள பேர்களும் இருக்கின்றன. தூரத்திலிருந்து கல் வந்தது, கல்லோடு ஆளும் வந்திருக்கிறான். நொய்யல் கரைப் பட்டறையில் வடக்கத்தியானும் உட்கார்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, உன் ஊரில் சட்டிக்கு என்ன பேர், கல்லுக்கு என்ன பேர் என்று கேளுங்கள். அவன் எழுதுவதும் அந்த நோட்டில் சேரட்டும்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மூன்று வாரத்துக்குத் தனியாக ஒரு நோட்டு. அதில் கரும்பலகையைப் பார்த்து எழுதுவது கூடாது, நோட்ஸ் பார்த்து எழுதுவது அறவே கூடாது. என்ன பார்த்தேன், என்ன நினைத்தேன், யாரைக் கேட்டேன், இன்னும் என்ன தெரியவில்லை, அவ்வளவுதான். ‘வெங்கச்சாங்கல்’ என்று பிள்ளை எழுதினால் அடிக்காதீர்கள். பக்கத்தில் ‘படிகக்கல்’ என்று எழுதிக் கொடுங்கள், இரண்டும் இருக்கட்டும். வட்டார வழக்கைத் தப்பு என்று சிவப்பில் சுழித்தே பல பிள்ளைகளின் வாயை நாம் அடைத்திருக்கிறோம். நான் அடைத்திருக்கிறேன். எழுத்துப் பிழையை அடுத்த நாள் திருத்தலாம். அந்த நோட்டில் முதலில் நிற்க வேண்டியது பிள்ளை கண்ட சங்கதி.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கிறீர்கள். எண்ணும் எழுத்தும் மதிப்பீடு, எமிஸ் இணையதளப் பதிவு, காலை உணவு, மத்தியானச் சத்துணவு, இடையில் கூட்டம். சுற்றுலா என்றால் அனுமதி, வண்டி, வெயில், ஒரு பிள்ளைக்கு முடியாமல் போனால் யார் பொறுப்பு என்ற பயம். அதனால்தான் சொல்கிறேன், பயணம் கட்டாயமில்லை. உடைந்த சட்டி, காந்தம், செம்மண், வெங்கச்சாங்கல், துருப்பிடித்த ஆணி எல்லாம் ஊரிலேயே இருக்கிறது. ஆளும் ஊரிலேயே இருக்கிறார்கள். கொல்லுப் பட்டறைக்காரர் ஒருவர் வந்து, இரும்பு எந்த நிறம் வந்தால் அடிக்கலாம் என்று சொல்லட்டும். சென்னிமலையில் தறி நெய்கிற அம்மா தக்களியைச் சுற்றிக் காட்டட்டும். மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரே, இது உங்கள் வேலை. கூட்டத்துக்கு வந்து தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் ஊரில் யாருக்கு என்ன கைவேலை தெரியும் என்று ஒரு காகிதத்தில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். “இதெல்லாம் பரீட்சையில் வருமா?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் 31 வருஷம் விடைகளைச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தேன்.

எச்சரிக்கை ஒன்று. கொடுமணல் போனாலும் சரி, காட்டில் தாழியோ ஓடோ கண்ணில் பட்டாலும் சரி, பிள்ளைகள் எதையும் எடுக்கக் கூடாது, தோண்டக் கூடாது. ஒரு ஓடு எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைச் சொல்கிறார்கள். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு. இடத்தைக் குறித்து வரைந்துகொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லச் சொல்லுங்கள். பார்த்ததை எடுக்காமல் வரைந்து வைப்பதும் அறிவியல் பழக்கம்தான், சின்ன வயசிலேயே வரட்டும்.

என்னால் ஆனதைச் செய்யத் தயாராக இருக்கிறேன். பெருந்துறை, சென்னிமலை, ஊத்துக்குளி, காங்கேயம் பக்கத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வருகிறேன். காந்தமும் கல்லும் தமிழி எழுத்து அட்டையும் என்னிடம் இருக்கின்றன. பணம் எதுவும் வேண்டாம்.

போன மாதம் அந்தப் பையனைத் தேடிப் போனேன். அவனுக்கு இப்போது நாற்பது வயசு நெருங்குகிறது, டிப்பர் லாரி ஓட்டுகிறான். அப்பாரு காலமாகிவிட்டார், சூளை இருந்த இடத்தில் ஒரு செட்டு போட்டிருக்கிறார்கள். அந்த நாலு வரி அவனுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது, சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவன் கூச்சப்பட்டுச் சிரித்தான். பள்ளிக்கு வந்து பிள்ளைகளிடம் சூளையைப் பற்றிச் சொல்வாயா கண்ணு என்று கேட்டதற்கு, “சூளையே இல்லீங்களே டீச்சர், என்னத்தைக் காட்டறதுங்?” என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மண்ணும் நாலு செங்கல்லும் இருந்தால் பள்ளிக்கூடத்து மூலையில் சின்னதாக ஒன்று கட்டிவிடலாம் என்றும், ஞாயிற்றுக்கிழமை என்றால் லோடு இருக்காது என்றும் சொன்னான். எந்தப் பள்ளிக்கு முதலில் வரட்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருத்தி,
சென்னிமலை வட்டாரம்